ஆட்டோஃபேஜியும் குரோன் நோயும்: பட்டினி கிடந்தால் குடல் அழற்சி அடங்குமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 24 வயது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குரோன் நோய் (குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் நோய்) என்று போன வருடம் உறுதியாகி, நோயெதிர்ப்பை அடக்கும் அசதையோப்ரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோஃபேஜி தூண்டப்படும், செல்கள் தம் கழிவைத் தாமே தின்று தீர்க்கும், அழற்சி தானாக அடங்கிவிடும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். மாத்திரையை விட்டுவிட்டுப் பட்டினியை ஆரம்பிக்கப் போகிறேன் என்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்று அக்காவாக நீங்கள் கேட்கிறீர்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குரோன் நோய் வலி இல்லாத நாட்களிலும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மருந்தை விட்டதும் உடனே ஒன்றும் ஆகாது, அதனால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சில மாதங்கள் கழித்துக் குடல் சுருங்கியோ, புரையோடியோ வந்து நிற்பவர்கள் உண்டு.

அடுத்து, தம்பி பார்த்த வீடியோ முழுப் பொய் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். ஆட்டோஃபேஜிக்கும் குரோன் நோய்க்கும் உண்மையிலேயே ஆழமான தொடர்பு இருக்கிறது. நாட்பட்ட அழற்சி நோய்களிலேயே இந்தத் தொடர்பு மிக நன்றாக ஆராயப்பட்டது குரோன் நோயில்தான். வீடியோ தவறுகிற இடம் வேறு: பட்டினி தூண்டிவிடுகிற ஆட்டோஃபேஜியும், குரோன் நோயாளியின் குடலில் பழுதாகிற ஆட்டோஃபேஜியும் ஒன்று என்று அது நினைத்துக்கொள்கிறது.

நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது என்று பார்ப்போம். செல்லுக்குள் லைசோசோம் என்ற செரிமானப் பையை 1950களில் கண்டறிந்தவர் பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ். செல் தன் உட்பொருளையே அந்தப் பைக்குள் அனுப்பிச் செரிப்பதற்கு 1963ல் ஆட்டோஃபேஜி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல், எந்த மரபணுக்கள் இதை நடத்துகின்றன என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டுக்குச் சத்தைக் குறைத்தார். சில மணி நேரத்திலேயே அதன் செரிமானப் பைக்குள் செரியாத சிறு உருண்டைகள் குவிந்தன. அப்படிக் குவிய முடியாத பிறழ்வுகளைத் தேடி, 1993ல் 15 மரபணுக்களைக் குறித்துக் காட்டினார். 2016ன் மருத்துவ நோபல் இந்த வேலைக்குத்தான். அவர் மனிதர்களைப் பட்டினி போட்டுப் பார்க்கவில்லை, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

சரி, ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது? செல்லின் திரவத்தில் ஒரு மெல்லிய சவ்வு கிண்ணம் மாதிரி உருவாகி வளர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவை, உருக்குலைந்து திரண்ட புரதம், உள்ளே புகுந்த பாக்டீரியா என்று எதையாவது அது சுற்றி வளைத்து மூடிக்கொள்ளும். பிறகு லைசோசோமோடு சேரும். உள்ளிருப்பது சிதைந்து, மூலப்பொருள் மறுபடி செல்லுக்கே பயன்படும். அந்தச் சவ்வை வளர்க்க எல்சி3 என்ற புரதத்தை அதன்மேல் ஒட்டவைக்க வேண்டும். எந்தச் சவ்வில் ஒட்ட வேண்டும் என்று இடம் காட்டுவது ஏடிஜி16எல்1 என்ற புரதம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் அடிக்கடி வரும்.

2001ல் குரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவாக நாட்2 கண்டுபிடிக்கப்பட்டது. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை மோப்பம் பிடிக்கும் உணரி அது. அந்தக் காலத்தில் பலரும் நோயெதிர்ப்பு அளவுக்கு மீறிப் பாய்வதுதான் குரோன் நோய் என்று நினைத்திருந்தார்கள். நாட்2 பழுதானால் பாக்டீரியாவை உணர்வதே குறையும். உணர்வு குறைந்தால் அழற்சி ஏன் கூட வேண்டும் என்பது பெரிய புதிராக நின்றது. 2007ல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், மரபணுத் தொகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான எழுத்து மாற்றங்களைச் சலித்துப் பார்த்து, ஏடிஜி16எல்1ல் ஒரேயொரு மாற்றத்தைக் காட்டினார்கள். புரதத்தின் 300வது இடத்தில் த்ரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே அலனின் என்ற வேறு அமினோ அமிலம் இருக்கிறது. இதை டி300ஏ என்று சொல்வார்கள். அதே ஆண்டில் ஐஆர்ஜிஎம் என்ற இன்னொரு மரபணுவும் பட்டியலில் சேர்ந்தது, அதுவும் ஆட்டோஃபேஜியைச் சேர்ந்ததுதான். அதுவரை ஆட்டோஃபேஜி குடல் மருத்துவர்களின் பேச்சிலேயே இருந்ததில்லை. 2010ல் புதிரின் துண்டுகள் பொருந்தின: பாக்டீரியா செல்லுக்குள் நுழைகிற இடத்துக்கே நாட்2 ஏடிஜி16எல்1ஐ அழைத்துவருகிறது என்று காட்டினார்கள். தனித்தனியாகக் கிடைத்த இரண்டு மரபணுக்களும் ஒரே வேலையின் இரண்டு படிகளாக இருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். டி300ஏ அபூர்வமான கோளாறு கிடையாது. ஐரோப்பிய வம்சாவளியினரில் இந்த வடிவமும் இயல்பான வடிவமும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. அதைச் சுமக்கும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் குரோன் நோய் வருவதே இல்லை. அபாயம் கொஞ்சம்தான் கூடுகிறது. ஜப்பானியர்களிடம் தேடியபோது இந்தத் தொடர்பே தெளிவாகத் தெரியவில்லை. நாட்2 விஷயமும் அப்படித்தான்: வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் 2008ல் இந்தியக் குரோன் நோயாளிகளிடம் பார்த்தபோது, ஐரோப்பாவில் பேசப்பட்ட அந்த மாற்றங்கள் காணப்படவில்லை. ஆகவே தம்பிக்கு ஆட்டோஃபேஜிக் கோளாறு இருக்கிறது என்று நாமாக முடிவு செய்துவிட முடியாது. மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அதன் முடிவு அவருடைய சிகிச்சையை மாற்றப் போவதில்லை.

ஆனாலும் இந்த ஒற்றை எழுத்து மாற்றத்தைப் பின்தொடர்ந்து போனதில்தான் நாட்பட்ட அழற்சி எப்படி உருவாகிறது என்பதைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பானெத் செல்களைப் பற்றியது.

சிறுகுடலின் உள்சுவரில் எண்ணற்ற சிறு குழிகள் உண்டு. அவற்றின் அடியில் குந்தியிருப்பவை பானெத் செல்கள். 19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரிய மருத்துவர் யோசப் பானெத்தின் பெயர் அது. லைசோசைம், டிஃபென்சின் போன்ற கிருமி எதிர்ப்புப் புரதங்களைச் சிறு மணிகளாகக் கட்டிவைத்து, தேவைப்படும்போது வெளியே விடுவது இவற்றின் வேலை. பக்கத்திலேயே இருக்கும் தண்டுச் செல்களுக்குப் பாதுகாப்பும் இவைதான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இவை நிறைய இருக்கின்றன. குரோன் நோய் அதிகம் தாக்குவதும் அங்கேதான்.

2008ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஏடிஜி16எல்1 குறைவாக உள்ள எலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் பானெத் செல்களில் மணிகள் குழம்பிக் கிடந்தன. எண்ணிக்கை குறைந்து, ஒழுங்கு கெட்டு, உள்ளடக்கம் செல்லுக்குள்ளேயே கசிந்திருந்தது. டி300ஏ வடிவத்தை இரட்டையாகச் சுமக்கும் குரோன் நோயாளிகளின் குடல் துண்டுகளிலும் அதே குழப்பம் தெரிந்தது. பிறகு நடந்தது அதைவிட முக்கியம். அந்த எலிகளை இன்னும் சுத்தமான கூடத்தில் புதிதாக வளர்த்தார்கள். மரபணுக் குறை அப்படியே இருந்தது, பானெத் செல்கள் மட்டும் நன்றாக ஆகிவிட்டன! பழைய கூடத்தில் என்ன இருந்தது என்று தேடியபோது சிக்கியது எலிகளைத் தொற்றும் நோரோவைரஸ். சாதாரண எலிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மரபணுக் குறையுள்ள எலிக்கு அந்த வைரஸைக் கொடுத்து, கூடவே குடல் சுவரைச் சற்றுப் புண்ணாக்கும் ஒரு வேதிப்பொருளையும் கொடுத்தால், குரோன் நோயைப் போன்ற அழற்சி வந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அது வரவில்லை. டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞையைத் தடுத்தாலும் வரவில்லை. 2010ல் வெளியான ஆய்வு இது.

மரபணு, வைரஸ், குடல் காயம், குடலில் வாழும் பாக்டீரியா ஆகிய நான்கும் கூடியபோதுதான் நோய் வந்தது. ஒன்றை எடுத்தாலும் வரவில்லை. நாட்பட்ட அழற்சி நோய்களுக்கு ஒரே காரணம், ஒரே மருந்து என்று பேசுபவர்களிடம் நான் எப்போதும் இந்த எலிகளைப் பற்றித்தான் சொல்வேன்.

மனிதர்களில் அந்த நான்கில் ஒன்றின் இடத்தில் சிகரெட் வந்து உட்காரலாம். டி300ஏ சுமக்கும் குரோன் நோயாளிகளில் புகைப்பவர்களின் பானெத் செல்கள் அதிகம் கெட்டிருப்பதை 2018ல் காட்டினார்கள். தம்பி புகைப்பவராக இருந்தால், பட்டினியைப் பற்றிப் பேசும் முன் அதைப் பேசுங்கள். அவர் மரபணு எதுவாக இருந்தாலும் குரோன் நோயில் புகை கெடுதல்.

ஆட்டோஃபேஜி என்றால் குப்பை அள்ளும் வேலை என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். பானெத் செல்லில் அது வேறொரு வேலையும் செய்கிறது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா தாக்கும்போது செல்லின் வழக்கமான சுரப்புப் பாதை அடைபட்டுப் போகிறது. அப்போது ஆட்டோஃபேஜியின் சவ்வுப் பைகளே மாற்றுப் பாதையாகி லைசோசைமை வெளியே கொண்டுபோகின்றன என்று டல்லாஸில் லோரா ஹூப்பரின் ஆய்வகம் 2017ல் கண்டது. டி300ஏ உள்ள எலிகளில் இந்த மாற்றுப் பாதை சரியாக வேலை செய்யவில்லை. இது குப்பையை ஒழிப்பதே கிடையாது, ஆயுதம் அனுப்புவது. பட்டினி இருந்து குப்பையைக் குறைப்பதாக வீடியோ சொல்லும் கணக்கில் இது எங்கும் சேராது.

பானெத் செல்களோடு கதை முடியவில்லை. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்களில் ஏடிஜி16எல்1 இல்லாவிட்டால், பாக்டீரியாவின் நச்சைக் கண்டதும் அவை இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையை அளவுக்கு மீறி உமிழ்கின்றன. ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு 2008ல் காட்டியது இது. காரணங்களில் ஒன்று மைட்டோகாண்ட்ரியா. பழுதானவற்றை ஆட்டோஃபேஜி அப்புறப்படுத்தாவிட்டால் அவற்றின் டிஎன்ஏவும் ஆக்சிஜன் கழிவுகளும் கசிந்து, என்எல்ஆர்பி3 என்ற அழற்சி விசையைத் தட்டிவிடுகின்றன. குடல் சுவரின் செல்களிலும் ஏடிஜி16எல்1 குறைந்தால், டிஎன்எஃப் பட்ட மாத்திரத்தில் அவை வெடித்துச் சாகின்றன. 1998 முதல் குரோன் நோய்க்குப் பயன்படும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்து தடுப்பதும் இதே டிஎன்எஃப்தான்.

இனி பட்டினிக்கு வருவோம்.

சத்து குறையும்போது எம்டார் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் தளர்ந்து, செல் முழுவதும் பொதுவான ஆட்டோஃபேஜி கூடும். ஈஸ்ட்டிலும் எலியிலும் இது சந்தேகமில்லாத உண்மை. டி300ஏ உள்ள செல்களில் அந்தப் பொதுவான ஆட்டோஃபேஜி பெரும்பாலும் இயல்பாகவே நடக்கிறது. பாக்டீரியாவைக் குறிவைத்துப் பிடிக்கிற, நெருக்கடியில் தாங்க வேண்டிய ஆட்டோஃபேஜியில்தான் ஓட்டை. அதைவிட யோசிக்க வைப்பது 2014ல் வந்த ஓர் ஆய்வு. 300வது இடத்து மாற்றம், காஸ்பேஸ்-3 என்ற வெட்டும் நொதி அந்தப் புரதத்தை எளிதாக நறுக்கும்படி செய்துவிடுகிறது. டி300ஏ உள்ள மேக்ரோஃபேஜ்களை ஆய்வகத்தில் சத்தில்லாமல் பட்டினி போட்டபோது, ஏடிஜி16எல்1 அதிகமாகச் சிதைந்து ஆட்டோஃபேஜி குறைந்தது. கவனியுங்கள், பட்டினியால் குறைந்தது! ஆய்வகத் தட்டில் உள்ள செல்லை வைத்து, விரதம் இருக்கும் மனிதரைப் பற்றி நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இதே தாவலைத்தான் அந்த வீடியோ எதிர்த் திசையில் தாவுகிறது.

16 மணி நேரம் என்ற எண்ணுக்கும் ஆதாரம் கிடையாது. ஓடியாடும் மனிதருக்குள் ஆட்டோஃபேஜி எவ்வளவு நடக்கிறது என்று அளக்க மருத்துவமனையில் செய்யக்கூடிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எலிகளை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போட்டு அளந்திருக்கிறார்கள். எலியின் வளர்சிதை மாற்றம் நம்முடையதைவிடப் பல மடங்கு வேகமானது. எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது உடல் எடையில் கணிசமான பங்கையே கரைத்துவிடுகிற நெருக்கடி. அதை நம் இரவுச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தோடு ஒப்பிட முடியாது.

உடல் எடை கூடியிருக்கும் குரோன் நோயாளிகளிடம், மருந்தோடு சேர்த்து, நேரம் குறித்து உண்பதைச் சிறு அளவில் சோதித்திருக்கிறார்கள். ஊக்கம் தரும் முடிவுகளும் வந்திருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே பலன் வந்தால் அது கொழுப்புத் திசு குறைந்ததாலா, குடல் பாக்டீரியா மாறியதாலா, ஆட்டோஃபேஜியாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் உள்ள 24 வயதுக்காரர் பெரும்பாலும் மெலிந்திருப்பார். அந்தப் பகுதிதான் வைட்டமின் பி12ஐ உறிஞ்சுகிறது. அழற்சியில் இரும்புச் சத்தும் குறையும். அவருக்குச் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கினால் முதலில் குறைவது கலோரியும் புரதமும்தான். குரோன் நோயில் உணவைக் கொண்டே செய்யும் சிகிச்சைகளில் வலுவான ஆதாரம் உள்ளது, குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் முழுச் சத்துள்ள திரவ உணவை மட்டும் கொடுப்பது. அது பட்டினிக்கு நேர் எதிர்: போதுமான கலோரியை உள்ளே அனுப்பி அழற்சியை அடக்குவது.

சரி, பட்டினி வேண்டாம், ஆட்டோஃபேஜியை மருந்தால் கூட்டினால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் ஆட்டோஃபேஜியைத் தூண்டும். குரோன் நோயில் அதைச் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. பொதுவாகக் கூட்டிவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு இது நேரடியான அடி. இன்னொன்று தம்பிக்கே சொல்ல வேண்டியது: அவர் விட்டுவிட நினைக்கும் அசதையோப்ரின், ஆய்வகச் செல்களில் ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது என்று 2019ல் காட்டியிருக்கிறார்கள். அந்த மருந்து அதனால்தான் வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் பெருகுவதை அடக்குவதுதான் அதன் முக்கிய வேலை. ஆனால் ஆட்டோஃபேஜி வேண்டும் என்பதற்காக அந்த மாத்திரையை விடுவதில் அர்த்தமில்லை.

மற்ற அழற்சி நோய்களைப் பார்த்தால் ‘ஆட்டோஃபேஜி கூடினால் அழற்சி குறையும்’ என்ற சூத்திரம் இன்னும் ஆட்டம் காண்கிறது. நோயெதிர்ப்பு உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்து, ஆட்டோஃபேஜியின் கடைசிப் படியைத் தடுக்கும் மருந்து. அது அழற்சியைக் கூட்டவில்லை, அடக்குகிறது. அதே சமயம், இறந்த செல்களை விழுங்கும்போது பயன்படும் ஆட்டோஃபேஜிப் புரதங்கள் சில இல்லாத எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் வருகிறது என்றும் 2016ல் காட்டியிருக்கிறார்கள். எந்தச் செல்லில், எந்தப் பாதை, எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் கூட்டலாமா குறைக்கலாமா என்று பேசுவதில் பயனில்லை.

நம் ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ்கள் அடக்கி வைப்பதிலும் ஆட்டோஃபேஜிக்குப் பங்கு உண்டு என்று 2004ல் தெரிந்தது. குரோன் பட்டியலில் வந்த ஐஆர்ஜிஎம் மரபணுவின் எலி வடிவம், அதற்கு ஓராண்டு முன்பே காசநோய் வகைக் கிருமிகளுக்கு எதிரான வேலையில் அடையாளம் காணப்பட்டிருந்தது. மருத்துவமனையிலும் இந்த இரண்டு நோய்களும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். குடல் காசநோயும் குரோன் நோயும் அதே இடத்தைப் பிடிக்கும், ஸ்கோப்பிலும் திசுப் பரிசோதனையிலும் பல சமயம் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் இந்தியாவில் பலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். டிஎன்எஃப் தடுப்பு ஊசி உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடலாம், அதனால் அதைப் போடும் முன் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கிறார்கள். தம்பிக்குப் பின்னாளில் அந்த ஊசி தேவைப்பட்டால் இந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

அமாவாசை, சஷ்டி என்று ஒரு வேளை விரதம் இருக்கும் குடும்பம் என்றால், நோய் அடங்கியிருக்கும் காலத்தில், எடை சரியாக இருந்து, மாத்திரையும் தண்ணீரும் விடாமல் எடுத்துக்கொண்டால், அதைப் பெரும்பாலான டாக்டர்கள் தடுக்க மாட்டார்கள். கேட்டுவிட்டுச் செய்யட்டும். வயிற்றுவலி, பேதி, காய்ச்சல், எடைக் குறைவு இருக்கும்போது வேண்டாம். குடல் சுருங்கிய இடம் இருந்தால், நெடுநேரம் காத்திருந்து ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவது வலியைக் கிளப்பலாம்.

தம்பி பட்டினியைத் தேடிப் போனதற்குக் காரணம் மாத்திரையைப் பற்றிய பயமாகவும் இருக்கலாம். அதை அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பயம் நியாயமானதுதான்: அசதையோப்ரின் சிலருக்கு வெள்ளணுக்களைக் குறைக்கும், கல்லீரலைத் தொந்தரவு செய்யும். ஆசியர்களிடம் கூடுதலாகக் காணப்படும் நுட்15 என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வெள்ளணுக் குறைவு கடுமையாகவே வரும். குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை போகும்போது மலத்தில் கால்புரோட்டெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்), பி12, இரும்பு, எடை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பட்டினி யோசனையையும் பயத்தையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அசதையோப்ரின் ஒத்துவரவில்லை என்றால் மாற்று மருந்துகள் இருக்கின்றன.